மழையில் ஜம்உ தொழுகை

ஜம்உ என்பது லுஹரையும் அஸரையும், அல்லது மஃரிபையும் இஷாவையும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்துத் தொழும் சலுகை. பயணிகளுக்கு உரியதாகவே பலர் இதை அறிவர். ஷாஃபிஈ மத்ஹபில் மழையின்போது உள்ளூர்க்காரருக்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைக் கண்ட தாம்பரம் வட்டாரத்துக்கு இதன் தேவை எளிதில் புரியும். மஃரிப் ஜமாஅத்துக்கு நனைந்து வந்தவர் இஷாவுக்காக இருட்டில் மறுபடியும் தண்ணீரில் நடக்க வேண்டியதில்லை. இமாமுடன் அதையும் தொழுதுவிட்டே திரும்பலாம். ரக்அத்துகள் குறையாது: மஃரிப் 3, இஷா 4. மழை நின்றுவிடக்கூடும் என்பதால் முதல் தொழுகையின் நேரத்திலேயே சேர்க்க வேண்டும். வீட்டில் தொழுபவருக்கு இச்சலுகை இல்லை.

ஹனஃபி மத்ஹபிலோ ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே ஜம்உ. இரு மத்ஹபினரும் வாழும் தமிழகத்தில், ஒரே மழையில் ஒரு பள்ளிவாசலில் இஷா முடிந்திருக்கலாம். அடுத்ததில் பாங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.