கரியும் கறியும்

குழித்துறையூடு செல்லும் திருவனந்தபுரம் நெடுஞ்சாலையில் விளக்கேற்றும் வேளைக்குப்பின் நடப்பார்க்கு, உணவுச்சாலைகளின் பெயர்ப்பலகை கண்ணிற்படுமுன் அவற்றின் புகையே வரவேற்புக் கூறும். பலகைகளில் இரண்டு பெயர்கள் பெரும்பாலும் காணப்படும். ஒன்று ‘அல்ஃபாம்’, மற்றொன்று ‘குழிமந்தி’. தமிழ் பயில்வார் பின்னதைக் கண்டு திடுக்கிடுதல் இயல்பே, மந்தி பெண்குரங்கன்றோ! அஞ்சற்க. அஃது அரபுச் சொல். ஏமன் நாட்டு ஹத்ரமௌத் பகுதியிற் பிறந்த ஊன்சோற்றின் பெயர். ‘அல்ஃபாம்’ என்பதும் ‘அல் ஃபஹ்ம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே. அதன் பொருள் கரி. கறியைக் கரியென்றே பெயரிட்டு விற்கின்றனர்! ரகர றகர மயக்கத்தால் மதிப்பெண் இழந்த மாணாக்கர் இதனால் ஒருவாறு ஆறுதல் பெறலாம்.

ஊனை நெருப்பிற் சுட்டுண்ணல் தமிழர்க்குப் புதிதன்று. கரிகாலன் பொருநரை ஓம்பிய முறையைப் பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் விரித்துரைக்கின்றார். இருப்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுவிய ஊனின் சூடு தாங்காது, உண்பார் அதனை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கினர் என்கின்றார். இரவும் பகலும் தின்றமையாற் பற்கள், கொல்லையை உழுத கொழுப்போல் மழுங்கினவாம். திருமறையிலும் பாஸ்கா ஆட்டுக்குட்டியைத் தண்ணீரில் அவியாது நெருப்பிற் சுட்டே உண்ணவேண்டுமென யாத்திராகமம் விதிக்கின்றது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்க்கு அளித்த காலையுணவும் கரிநெருப்பின்மேல் வைத்த மீனே.

அவித்தற்கும் சுடுதற்கும் சுவை வேறுபடுவது ஏன்? கொதிக்கும் நீர் 100 பாகைக்குமேற் சூடேறாது. தணலின்முன் உள்ள ஊனின் மேற்புறமோ, ஈரம் உலர்ந்தவுடன் அவ்வெல்லையைக் கடந்துவிடும். ஏறக்குறைய 140 பாகையில் புரதக் கூறுகளும் சர்க்கரையும் கலந்து மாறிப் பொன்னிறமும் நறுமணமும் பிறக்கின்றன. 1912-இல் இம்மாற்றத்தை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையார் பெயராலேயே இஃது இன்று வழங்குகின்றது. கொழுப்புத் துளிகள் தணலில் வீழ்ந்து எழுப்பும் புகை மற்றொரு மணம் சேர்க்கும். அல்ஃபாமில் கோழியை முதுகு பிளந்து தட்டையாக விரிப்பது, சூடு எங்கும் ஒப்பப் பரவுதற்பொருட்டு. நம் நாட்டுச் சிரட்டைக்கரி புகை குறைந்து சூடு மிகுந்து எரிவதாதலின் இத்தொழிற்கு மிக ஏற்றது.

குழிமந்தியின் முறை வேறு. நிலத்திற் குழித்த அடுப்பில் தணலின்மேல் அரிசிக்கலமும், அதன்மேல் ஊனும் வைத்து, வாயைக் காற்றுப் புகாவண்ணம் மூடிவிடுவர். ஊனின் சாறு சொட்டுச் சொட்டாய்ச் சோற்றில் இறங்கும்.

இவை இங்கு வந்த வழி யாவரும் அறிந்ததே. 1970-களில் எண்ணெய்வளத்தால் வளைகுடா நாடுகளில் வேலை பெருகியபோது, குமரிப் பகுதியினின்றும் கேரளத்தினின்றும் எண்ணற்றோர் கடல் கடந்தனர். மனைவி மக்களைப் பிரிந்து அயல்நாட்டில் உண்ட உணவின் சுவையையும் அவர்கள் உடன் கொணர்ந்தனர். இஃது அயலார் உணவென இகழ்வோர் உளர். அவர்கள் விரும்பியுண்ணும் மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவினின்று வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரை ஊக்கி வளர்த்தார். மீன்குழம்பிலிடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்ததே.

எம் மனத்தை மிகவும் கவர்ந்தது சமையலன்று, உண்ணும் முறை. மந்தியைப் பெருந்தட்டொன்றிற் குவித்து நடுவே வைப்பர். நால்வர் ஐவர் சுற்றியமர்ந்து அதிலேயே கையிட்டு உண்பர். மேலாடை அணியும் உரிமைக்காக நம் முன்னோர் 1859 வரை போராடிய மண் இது. கொச்சி நாட்டுச் செறாயியில் 1917-இல் சகோதரன் ஐயப்பன், பல சாதியாரும் ஒருங்கிருந்துண்ணும் மிசிரபோஜனம் நடத்தியபோது, சொந்தச் சமூகத்தாரே அவரை விலக்கிவைத்தனர். இன்று குழித்துறையில் ஒரு தட்டைச் சூழ்ந்திருக்கும் இளைஞரை, அவர் எச்சாதியார் எச்சமயத்தார் என்று எவரும் வினவுவதில்லை. திருமண வீட்டில் அவ்வினா இன்னும் எழுகின்றதென்பதையும் யாம் மறைக்கவில்லை.

எச்சரிக்கை ஒன்று கூறல்வேண்டும். தொட்டுக்கொள்ளத் தரும் மயோனைஸ் பச்சைமுட்டையாற் செய்ததாயின் நோய்க்கிருமிகட்கு இடமாகும்; இதுபற்றியே தமிழக அரசு அத்தகையதை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்தது. கோழியின் உட்பகுதி 74 பாகைச் சூட்டை எட்டியிருத்தல் வேண்டும். மேலே கரிந்திருத்தல் உள்ளே வெந்தமைக்குச் சான்றாகாது. தொடைமூட்டைப் பிரித்துப் பார்க்க. ஊன் வேகாது வழவழப்பாயிருப்பின் கூசாது திருப்பியனுப்புக. தணல் அணைந்திராது, கடைக்காரர் மீண்டும் வாட்டித் தருவர்.