ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு

மாணவச் செல்வங்களே! நீங்கள் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அல்லீர், வளர்க்கப்படுகின்றவர்கள். அவ்வாறிருக்க, குழந்தை வளர்ப்பைப் பற்றி உங்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுள் பலர் வீட்டில் அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கின்றீர்கள். தாய் அடுக்களையிலும் தந்தை அலுவலிலும் இருக்கும் வேளையில் தம்பி என்ன செய்கின்றான் என்பதை முதலிற் காண்பவர் நீங்களே. ஆகவே உங்களிடம் பேசுவதே முறை என்று கொண்டேன்.

1996-ஆம் ஆண்டில், சங்கரன்கோவிலில் எங்கள் கூட்டுக்குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்தனர். என் மக்கள் மூவர். என் தம்பியின் மக்கள் இருவர். மூத்தவளுக்கு ஒன்பது வயது, கடைக்குட்டிக்கு இரண்டு. ஒரு பிள்ளை இருக்கும் வீட்டைக் காட்டிலும் ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குறும்பு ஐந்து மடங்காக இருக்கும் என்று எண்ணுகின்றவர் கணக்கறியாதவர். தனித்தனியே ஐவர், இருவர் இருவராகச் சேரும் வகை பத்து, மூவர் மூவராகப் பத்து, நால்வராக ஐந்து, எல்லோரும் ஒன்றாக ஒன்று. ஆக முப்பத்தொரு வகைக் கூட்டணிகள்! ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொள்கை உண்டு. இவற்றுள் எது எந்த வேளையில் எந்த மூலையில் கூடியிருக்கிறது என்பதை அறிவது பெற்றோரால் ஆகாத செயல்.

முதலில் ஒரு புளியங்கொட்டையின் கதையைச் சொல்கின்றேன். மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் ஆண்டுக்கு வேண்டிய புளியை வாங்கி, ஓடும் கொட்டையும் நீக்கிப் பானையில் அடைத்து வைப்பது வழக்கம். முற்றத்தில் கொட்டை குவியலாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அது பல்லாங்குழிக்குக் காய், தாயத்துக்குப் பகடை. நான்கு வயதுடைய என் மகனுக்கோ அது வேறோர் ஆராய்ச்சிக்குக் கருவியாயிற்று. ஒரு கொட்டையை எடுத்து வலது மூக்கில் வைத்துப் பார்த்திருக்கின்றான். அது உள்ளே சென்றுவிட்டது.

அவன் அதனை எவரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழிந்தது. ஒரு மூக்கில் மட்டும் சளி ஒழுகிற்று. கெட்ட வாடை வீசிற்று. நாங்கள் நீர்க்கோவை என்று கொண்டு சுக்கும் மிளகும் தேடினோம். மருத்துவர்தாம் கண்டார். “இரண்டு மூக்கும் ஒழுகினால் சளி. ஒரு மூக்கு மட்டும் ஒழுகி நாற்றமும் வீசினால், உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்” என்று கூறி, சிறு கொக்கி ஒன்றால் அதனை வெளியே எடுத்தார். கொட்டை ஈரத்தில் ஊறிப் பருத்திருந்தது. விதை என்றால் அதுதானே அதன் இயல்பு? கல்லோ பாசிமணியோ புகுந்தால் இருந்த அளவிலேயே இருக்கும். பயறும் கொட்டையும் நாளுக்கு நாள் பருத்து வழியை அடைத்துவிடும்.

வீடு திரும்பும் வழியில், “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், “அடிப்பீங்கன்னு” என்றான்.

மாணவர்களே, நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியதையும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததையும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். குழந்தையைத் தண்டித்து அடக்குவது கல்வி ஆகாது என்று விடைத்தாளில் எழுதிய அதே கை, வீட்டில் பிரம்பைப் பரணில் வைத்திருந்தது. அந்தப் பிரம்புதான் புளியங்கொட்டையை மூன்று நாள் மறைத்து வைத்தது. மருத்துவருக்குக் கொடுத்த பணத்தைவிட இவ்வுண்மை எனக்கு மிகுதியாக உறைத்தது. அன்றே அதனை முறித்து அடுப்பிலிட்டேன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மையில் அதைக் கைவிட எனக்கு மேலும் ஓராண்டு பிடித்தது.

அந்த ஓராண்டிற்குள் நிகழ்ந்ததுதான் கிணற்று நிகழ்ச்சி. வீட்டில் தம்ளர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வேலைக்கு வந்த பெண்ணின்மேல்கூட ஐயம் சென்றது; அதனை எண்ண இன்றும் நாணுகின்றேன். ஒரு நாள் தம்பியின் மூன்று வயது மகன் துவைகல்லின்மேல் ஏறி நின்று, கிணற்றுக்குள் பித்தளைத் தம்ளர் ஒன்றைப் போட்டுவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததை மூத்தவள் கண்டாள். அவள் கூச்சலிடவில்லை. கூச்சலிட்டிருந்தால் அவன் திடுக்கிட்டு விழுந்திருப்பான். மெல்லப் பின்புறமாக வந்து இடுப்பைப் பற்றித் தூக்கிக்கொண்டாள். பாதாளக்கரண்டி போட்டு அலசியபோது தம்ளர் ஆறும் கரண்டி மூன்றும் ஒரு பூட்டும் கிடைத்தன.

இதனைக் குறும்பு என்று சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் பியாஜே அவ்வாறு சொல்லவில்லை. 1896-இல் பிறந்த அவர், தம் சொந்தக் குழந்தைகள் மூவரையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதி, அக்குறிப்புகளைக் கொண்டே குழந்தையின் அறிவு வளரும் முறையை ஆராய்ந்தார். அவருடைய மகன் தவழும் பருவத்தில் பொருள்களைக் கையிலிருந்து விழவிட்டான். கையை ஒருமுறை நீட்டி, ஒருமுறை மடக்கி, வெவ்வேறு இடங்களிலிருந்து விழவிட்டு, அவை எப்படி விழுகின்றன என்று பார்த்தான். இது சோதனைச்சாலையில் அறிஞன் செய்யும் வேலையேயன்றி வேறன்று. எங்கள் வீட்டுச் சிறுவனும் பித்தளைக்கு ஓர் ஓசை, எவர்சில்வருக்கு ஓர் ஓசை, பூட்டுக்கு ஓர் ஓசை எனக் கேட்டிருக்கின்றான். ஆராய்ச்சி குற்றமற்றது, ஆராய்ச்சிக்கூடந்தான் கொடியது. ஆகவே கிணற்றின் வாயைக் கம்பி வலையால் மூடினோம். வாளியும் அண்டாவும்கூடக் கிணறே என்பதைப் பலர் அறியார். தலை கனத்த சிறு குழந்தை குப்புற விழுந்தால் ஒரு சாண் நீரிலும் எழ இயலாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதுமில்லை. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டுக்கு அன்று வந்தது.

கடைக்குட்டி ஒரு நாள் அரங்குக்குள் சென்று உட்புறக் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். வெளியே பெரியவர்கள் எண்மர் கூடி, “தூக்கு! இழு! தள்ளு!” என்று எட்டு வகையாகக் கட்டளையிட்டனர். உள்ளே அழுகை ஓங்கிற்று. தச்சரை அழைக்க ஆள் போயிற்று. மூத்தவள் எல்லோரையும் விலக்கிவிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்து, “பாப்பா, முன்னே ‘டக்’குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அதை இன்னொரு தடவை பண்ணு” என்றாள். டக்கென்று ஓசை வந்தது, கதவும் திறந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாழ்ப்பாள் என்ற சொல் தெரியாது; அது எழுப்பிய ஓசை தெரியும். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றும் இதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் நடத்தியதாக நினைவில்லை.

நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கவனித்தவர்கள். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. ஐந்தாம் மாதம் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வருகை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் வருகின்றது. சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். சிறுவன் காலால் அழிப்பான். “அழியாதே” என்று அவர்கள் வேண்டுவர். குறும்பையே ஒரு பருவமாக வகுத்த இலக்கியம் நம்முடையது! அப்பருவங்களைத் தாய்மார் வேறொரு வகையாகவும் படிக்கலாம். செங்கீரையில் புரண்டு விழும். தவழத் தொடங்கினால் தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகும். வருகையில் அடுப்பண்டை வரும். அடுத்த பருவம் தொடங்குமுன்பே வீட்டை அதற்கு ஆயத்தமாக்கிவிட வேண்டும்.

இனி, ஆடித்தபசு. அரியும் சிவனும் ஒன்றெனக் காட்டுமாறு கோமதியம்மை தவமிருக்க, இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததைக் கொண்டாடும் பன்னிரு நாள் திருவிழா அது. கொடியேறியபின் கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவதாக நேர்ந்துகொள்வோர் பலர். அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். ஓராண்டு என் தாயாருக்கு அந்த நேர்த்திக்கடன். ஐந்து பிள்ளைகளையும் அழைத்துச் சென்றோம். நாற்பதாவது சுற்றிலோ என்னவோ எண்ணிப் பார்த்தால் மூவர்தாம் இருந்தனர். ஏழு வயதுப் பெண்ணையும் ஐந்து வயதுப் பையனையும் காணவில்லை.

அந்தக் கணத்தில் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதைச் சொல்லிக் காட்ட இயலாது. பெண் அடுத்த சுற்றிலேயே கிடைத்துவிட்டாள். புற்றுமண் கொடுக்கும் இடத்தருகே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீங்கள் சுற்றித்தானே வரவேண்டும், அதனால் நின்றேன்” என்றாள். பையனோ எங்களைத் தேடுவதாகக் கொண்டு எல்லோருடனும் சேர்ந்து சுற்றினான். நாங்கள் அவனைத் தேடி அதே திசையில், அதே வேகத்தில் சுற்றினோம். ஒரே வட்டத்தில் ஒரே வேகத்தில் செல்லும் இருவர் எக்காலத்தும் சந்திப்பதில்லை என்பது கணக்கு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அக்கணக்கை நாங்கள் காலால் நிறுவிக்கொண்டிருந்தோம். கால் ஓய்ந்து அவன் ஓரிடத்தில் அழ உட்கார்ந்த பிறகே அகப்பட்டான்.

அவனருகே வளையல் விற்கும் அம்மாள் ஒருவர் இருந்தார். “உங்க அப்பா பேரு என்ன?” என்று கேட்டிருக்கின்றார். “சார்” என்று விடை வந்திருக்கின்றது. ஊரார் எல்லோரும் என்னை அவ்வாறே அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். சங்கரன்கோவிலில் எத்தனை சார்! அன்றிரவே ஐவருக்கும் பெற்றோர் பெயரையும் தெருப் பெயரையும் தாலாட்டு மெட்டில் பாடிப் பாடி மனப்பாடம் செய்வித்தோம். இக்காலத்தில் கைப்பேசி எண்ணைச் சட்டையின் உட்புறம் எழுதி அனுப்பலாம். எனினும், ‘வழி தவறினால் அங்கேயே நில்’ என்பதைத்தான் முதலிற் கற்பிக்கவேண்டும்.

சில செய்திகளை விரைந்து சொல்லிச் செல்கின்றேன். சூடு பட்டால் இருபது நிமிடம் ஓடும் நீரில் காட்டுக. மையும் பற்பசையும் மாவும் தடவாதீர். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்; அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு வேர்க்கடலை கொடாதீர். பாம்பு தீண்டினால் கீறவும் இறுகக் கட்டவும் வேண்டா. அசையாமல் படுக்கவைத்து 108 வண்டியை அழையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரியாக இரண்டுக்கும் குறைவு என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகின்றது. ஆயினும் ஆடித்தபசுக்கு மக்கள் குடும்பத்தோடு வரும்போது பேரப்பிள்ளைகளால் பழைய எண்ணிக்கை மீண்டுவிடுகின்றது. அண்மையில் ஒரு தபசு நாளில், நடையில் அமர்ந்திருந்த என்னிடம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வந்து நின்றாள். பேசாமல் நின்றாள். பிறகு, “தாத்தா, ஏசுவீங்களா?” என்றாள். “மாட்டேன்” என்றேன். பாட்டுப் பாடும் பொம்மையை அவள் திருப்புளி கொண்டு திறந்திருக்கின்றாள். உள்ளிருந்த பொத்தான் அளவு மின்கலத்தைக் காணவில்லை. தம்பி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றான்.

புளியங்கொட்டை மூன்று நாள் பொறுத்தது. பொத்தான் மின்கலம் அவ்வாறு பொறுக்காது. ஈரமான சதையைத் தொட்டதும் மின்னோட்டம் பாய்ந்து, அவ்விடத்தில் காரப்பொருள் உண்டாகிச் சதையை அரிக்கும். மூக்கில் சில மணி நேரத்திலேயே நடுத்தண்டு ஓட்டையாகலாம்; உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் பெருங்கேடு விளையலாம். மூக்கில் சொட்டு மருந்தும் விடலாகாது; ஈரம் மிக மிக அரிப்பும் மிகும். தேர்க்கூட்டத்தைத் தவிர்த்துச் சந்து சந்தாக ஆட்டோவில் மருத்துவமனைக்கு விரைந்தோம். பிள்ளை காணாமற்போட்டு அரைமணி நேரத்திற்குள் மின்கலம் மருத்துவரின் தட்டில் கிடந்தது. உள்ளே இலேசாகச் சிவந்திருந்தது, வேறொன்றுமில்லை.

“யார் இதை முதலில் கண்டது?” என்று மருத்துவர் கேட்டார். பேத்தி என் பின்னே ஒளிந்துகொண்டாள். பொம்மையைத் திறந்தது யார் என்ற கேள்வி அடுத்து வரும் என்று அஞ்சினாள் போலும். அவர் அதனைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொம்மையின் மூடியைத் திருகி, மேலே நூலும் சுற்றிப் பரணில் வைத்தேன், முன்னொரு காலத்தில் பிரம்பு இருந்த இடத்தில். மறுநாள் காலையில் அவள் வந்து, பழைய சுவர்க் கடிகாரம் ஏதேனும் இருக்கிறதா, திறந்து பார்க்கவேண்டும் என்றாள். இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். தம்பியை மட்டும் அவன் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வரச் சொன்னேன்.