மக்காச்சோளத்துக்கு ஒத்துப்போகும் மண், வெள்ளரிக்கு ஒத்துக்கொள்ளுமா?

தாதர் ஸ்டேஷனுக்கு மேற்கே விடியற்காலையில் வந்து இறங்கும் வெந்தயக்கீரை, வெள்ளரி, கத்தரியில் பெரும்பங்கு நாசிக், புனே பக்கத்துச் சரக்கு. மழைக்காலத்தில் பிளாட்பாரத்துத் தணலில் வாட்டுகிற மக்காச்சோளக் கதிரும் அதே வயல்களில் விளைந்ததாக இருக்கலாம். கதிரை ஒடித்த நிலத்தில் அடுத்து வெள்ளரி போடும்போதுதான் களைக்கொல்லியின் மிச்சம் தலைகாட்டும்.

மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் பரவலாக அடிக்கும் மருந்து அட்ரசின். களை முளைக்குமுன் ஈர மண்மேல் தெளிப்பார்கள். வேர்வழியாக இலைக்கு ஏறி, ஒளியின் ஆற்றலைக் கைமாற்றும் ஒரு புரதத்தில் போய் அமர்ந்துகொள்ளும். போக்கிடம் இல்லாத ஆற்றல் இலையையே பொசுக்கிவிடும். மக்காச்சோளம் மட்டும் எப்படித் தப்புகிறது? அட்ரசினோடு குளுட்டாதயோன் என்ற சேர்மத்தை ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கும் நொதி அதனிடம் தாராளம். வெள்ளரிக்கும் பீன்ஸுக்கும் அவ்வளவு வேகம் கிடையாது.

பாதிப்பு உடனே தெரியாது. விதை ஒழுங்காக முளைக்கும்; விதையிலிருக்கும் சேமிப்பு தீரும்வரை செடி செழிப்பாகவே நிற்கும். பிறகு அடியிலை விளிம்பு மஞ்சளாகி, பழுப்பேறிக் கருகும். சத்துக்குறை என்று நுண்ணூட்டம் வாங்கித் தெளித்துக் காசைக் கரைப்பவர்களே அதிகம். சோயாவுக்கு அடிக்கும் இமாஸெத்தாபிர் மிச்சமானால் அடையாளம் வேறு: அடியிலை பச்சையாக இருக்க, குருத்து வளராமல் நின்றுவிடும். பெண்டிமெத்தலினுக்குச் செடியைப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும். வேர்நுனி தடித்துக் குட்டையாக இருக்கும்.

மருந்தின் எடையை வைத்தும் ஏமாறக் கூடாது. கோதுமையில் சல்போசல்பியூரான் ஹெக்டேருக்கு வெறும் 25 கிராம்தான். அதன் மிச்சமே அடுத்து வரும் சோளத்தை முடக்கப் போதும்.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? அட்ரசின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 60 நாள் என்பது புத்தகக் கணக்கு. அதைச் சிதைப்பதில் மண்ணின் நுண்ணுயிர்களுக்குப் பெரிய பங்குண்டு. மழை பொய்த்தால் அவையும் சுணங்கிவிடும். கரிசல் போன்ற கார மண்ணில் அட்ரசினும் சல்போசல்பியூரானும் மெதுவாகவே அழியும். இமாஸெத்தாபிர் நேர்மாறு, அமில மண்ணில்தான் அதிக நாள் தங்கும். ஆகவே பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் நாள்கணக்கு நம் வயலுக்குப் பொருந்தாது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு இந்த வம்புக்கே இடம் வைப்பதில்லை: சோளத்தில் பயறு ஊடுபயிராகப் போடுவதானால் அட்ரசின் வேண்டாம், பெண்டிமெத்தலின் போடு என்கிறது.

ஏற்கெனவே மருந்தடித்த நிலத்துக்குத் தொட்டிச் சோதனை இருக்கிறது. வயலில் பல இடங்களில் மேல்மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியிலும், மருந்து படாத வரப்பு மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி, ஒரே விதையை இரண்டிலும் ஊன்றி, ஒரே அளவு தண்ணீர் விட்டு, மூன்று வாரம் வெயிலில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆய்வகக் கட்டணத்தோடு பார்த்தால் இதற்குச் செலவே இல்லை. ஆனால் ஊன்றும் விதை, அடுத்து போடப்போகும் பயிரின் விதையாகவே இருக்க வேண்டும். வெள்ளரி தழைத்தது என்பதற்காகச் சோளமும் தழைக்கும் என்று சொல்லிவிட முடியாது.