படகில் யார் எங்கே உட்காருவது?



நம்ம ஊரில் மலை இருக்கு, குளம் இருக்கு, கடல் இல்லை. படகுன்னா நமக்கு ஞாபகம் வருவது தென்பெண்ணையாற்றில் 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணைதான். அடுத்த மாதம் எங்க வகுப்பு அங்கே சுற்றுலா போகிறது. மோட்டார் படகு விட்டால் முன்சீட்டு யாருக்குன்னு இப்பவே சண்டை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிவிஎஸ் 50 கேரியரில் இரண்டு மூட்டை அரிசி ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும் இல்லையா? படகும் அப்படித்தான். சின்ன படகில் இன்ஜின் பின்னால் மாட்டியிருக்கும், அதுவே நல்ல கனம். ஆட்களும் பின்னாலேயே உட்கார்ந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு எதிரே இருப்பது தெரியாது. வேகப் படகு என்றால் தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பின்பக்கம் அமுங்கிவிட்டால் ஏற முடியாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். பெட்ரோல்தான் தீரும், வேகம் வராது. சில படகு மூக்கை மேலும் கீழும் ஆட்டிக் குதிக்கும்.

சரி, எல்லாரும் முன்னாடி போனால்? மூக்கு தண்ணீரில் குத்தும். தண்ணீர் உள்ளே தெறிக்கும், திருப்பவும் கஷ்டம். முன்சீட்டுக்காரர்கள் கவனிக்க!

இதையெல்லாம் விட ஆபத்து பக்கவாட்டில் சாய்வது. நானும் தங்கச்சியும் அண்டாத் தண்ணீரில் சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, உள்ளே 15 கோலிக்குண்டு போட்டோம். ஒரு ஓரத்தை விரலால் லேசாகத்தான் அழுத்தினேன். குண்டுகள் எல்லாம் அந்தப் பக்கமே உருண்டு, டப்பா கவிழ்ந்தேபோச்சு. அதே குண்டுகளைக் களிமண்ணில் பதித்து வைத்து அழுத்தினால் டப்பா சாய்ந்து, மறுபடி நிமிர்ந்துகொண்டது. கனம் அதிகமானதால் கவிழவில்லை, கனம் நகர்ந்ததால்தான் கவிழ்ந்தது.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் செய்தி வந்தது. அது இரண்டு அடுக்குப் படகு. கனம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சாயும். நாம் படகில் எழுந்து நின்றாலும் அதே கதைதான்.

அதனால் பைகளைக் கீழே, நடுவில் வைக்கணும். கனமானவங்க நடு சீட்டு. யார் யாருன்னு இங்கே எழுத மாட்டேன்! போட்டோ எடுக்கணும்னா உட்கார்ந்தே எடுக்கலாம். பி.டி. சார் ஒரு பக்கம் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் நம்மில் இரண்டு பேர் வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி