சங்கத் தலைமையின் மூன்று முறைகள்

சங்கம் செழிப்பதும் நலிவதும் அதனை நடத்தும் முறையைப் பொறுத்தன. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கர்ட் லெவின் என்னும் அறிஞர் முதலியோர், சிறுவர் குழுக்களைக் கொண்டு இதனைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். கட்டளையிட்டு நடத்தியவரின்கீழ் வேலை மிகுதியாய் நடந்தது. அவர் அகன்றதும் தளர்ந்தது. யாவற்றையும் அவரவர் விருப்பத்திற்கே விட்டவரிடம் வேலை குறைந்தது. கலந்து பேசி முடிவு செய்த குழுவோ, தலைவர் இல்லாதபோதும் பெரும்பாலும் வேலையைத் தொடர்ந்தது.

கூட்டுறவுச் சங்கத்திற்கு மூன்றாவதே ஏற்றது, ஆயினும் எளிதன்று. தவணை தவறியவர் தலைவரின் உறவினராயின் கேட்க நா எழாது. பிறராயின் தலைவர் ஒருவரே பகையைச் சுமப்பர். பஞ்சாயத்தார் கூடிக் கணக்கைப் படித்துத் தீர்மானித்தால், அது ஒருவரது கோபமன்று, சங்கத்தின் முடிவாகும். தலைவர் ஊரில் இல்லாத நாளிலும் பெட்டியும் கணக்கும் ஒழுங்காயிருத்தலே நல்ல தலைமைக்கு அடையாளம்.