ஹொண்டாவும் பெராரியும்: ஓர் ஒப்புநோக்கு

கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறும் பாதையிற் பஸ்ஸில் நின்று செல்வோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. இயந்திரத்தின் உறுமலுக்கு எவரும் அஞ்சுவதில்லை. வளைவில் ஒருபுறஞ் சாயும் பாரத்துக்கே கம்பியை இறுகப் பற்றுகின்றனர். வண்டியின் சிறப்பை அதன் வலுவால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதை, 1989 இல் உலகின் பார்வைக்கு வந்த இரு விரைவு வண்டிகளைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

ஒன்று, அவ்வாண்டு பெப்ருவரியிற் சிக்காகோவிற் காட்டப்பெற்ற யப்பானிய ஹொண்டா என்.எஸ்.எக்ஸ். மற்றையது, செப்டெம்பரிற் பிராங்பேட்டில் அறிமுகமான இத்தாலியப் பெராரி 348. இரு நிறுவனத்தாரும் பந்தயக் களத்தில் முன்னரே எதிரிகள். 1988 இல் நடந்த 16 போர்முலா வண் பந்தயங்களில் 15 இனை ஹொண்டா இயந்திரம் பூட்டிய மக்லாரன் வண்டிகளே வென்றன. எஞ்சிய ஒன்று இத்தாலியின் மொன்சாவில் நிகழ்ந்தது. என்சோ பெராரி மறைந்து ஒரு மாதமும் நிறையாத அவ்வேளையில், அதனை வென்றது பெராரி!

இரண்டிலும் இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னே, பின் சில்லுகளுக்கு முன்னே அமைந்தது. பெராரிக்கு எட்டு உருளைகள், 3405 கன சென்ரிமீற்றர், 300 குதிரைவலு. ஹொண்டாவுக்கு ஆறே உருளைகள், 2977 கன சென்ரிமீற்றர், சுமார் 270 குதிரைவலு. எண்களை மட்டும் நோக்குவோர் இவ்விடத்திலேயே தீர்ப்புக் கூறிவிடுவர்.

ஆனால் உவெஹரா ஷிகேரு தலைமையிலான ஹொண்டாப் பொறியியலாளர் வலுவைத் தேடாது பாரத்தைக் குறைக்க முற்பட்டனர். வண்டியின் உடலை முழுவதும் அலுமினியத்தால் ஆக்கினர். தொகையாக உற்பத்தியான கார்களில் இத்தகையது இதுவே முதலாவது. இயந்திரத்தின் இணைப்புத் தண்டுகளை டைட்டேனியத்தாற் செய்தனர். சுழற்சி வேகம் இருமடங்கானால் அத்தண்டு தாங்கவேண்டிய இழுவிசை நான்கு மடங்காகும். தண்டு இலேசானால் அவ்விசை குறையும். ஆகவே நிமிடத்துக்கு 8000 சுற்றுவரை இயந்திரம் அச்சமின்றிச் சுழல முடிந்தது. பிரேசில் நாட்டு வீரர் அயர்ட்டன் சென்னா சுசூக்காவில் முன்மாதிரியை ஓட்டி, உடல் உறுதி போதாது என்றார். பொறியியலாளர் அதனை ஏற்று, மேலும் வலுப்படுத்தினர். புகழ் பெற்றவரின் குறைகூறலை வேலையாக மாற்றிய இச்செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

348 இன் ஒலியும் பினின்பரீனா வடிவமும் கவர்ச்சியானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் டைமிங் பெல்ட்டை மாற்ற இயந்திரத்தையே கீழிறக்க வேண்டும்! ஹொண்டாவோ நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லத் தக்கது. 1991 இற் பெராரியின் தலைமையேற்ற லூக்கா டி மொன்டேசெமோலோவும் 348 இனை வெளிப்படையாகக் குறைகூறியவரே. 1994 இல் அதன் இடத்துக்கு வந்த எப் 355, உருளைக்கு ஐந்து வால்வுகளும் மின்னணுவால் இயங்கும் அதிர்வடக்கிகளும் கொண்டிருந்தது. மக்லாரன் எப் 1 இனை வடிவமைத்த கோர்டன் மரே, தம் வண்டிக்கு அளவுகோலாகப் பெராரியைக் கொள்ளாது ஹொண்டாவையே கொண்டார்.