மலாக்காவில் ஓர் இரவாவது தங்குங்கள்

கோலாலம்பூரிலிருந்து தெற்கே, பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா. நம்மூர்ச் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் காலையில் இங்கே வந்து இறங்குகின்றன. சிவப்புத் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பூ அலங்காரமும் பாட்டுச் சத்தமுமாக வரும் மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாலைக்குள் தலைநகருக்குத் திரும்பிவிடுகின்றன. அந்தத் தேவாலயம் நிற்கும் சதுக்கம் அழகுதான். ஆனால் அது ஊரை ஆண்டவர்கள் கட்டியது. இங்கே பிழைக்க வந்து, குடும்பம் பெருக்கி, தங்கிப்போனவர்களின் மலாக்கா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு நாள் போதாது.

ஆண்டவர்கள் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1400 வாக்கில் பரமேஸ்வரா நிறுவிய துறைமுகம் இது. 1511-இல் போர்த்துக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824 உடன்படிக்கையால் ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. சிவப்புத் தேவாலயம் என்றேனே, டச்சுக்காரர்கள் 1753-இல் கட்டி முடித்த அந்தக் கிறிஸ்து தேவாலயத்துக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள். கூரை உத்திரம் ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒரே மரம். போர்த்துக்கீசியர் கோட்டையை, உடன்படிக்கைக்கு முன்பே ஊரை இடைக்காலமாகப் பிடித்திருந்த ஆங்கிலேயர் 1807-இல் இடித்தார்கள்; ஒரு வாசல் மட்டும் தப்பியது. அதன் நெற்றியில் டச்சுக்காரர்கள் பொறித்த 1670 என்ற ஆண்டு இருக்கிறது. மேலே, குன்றின்மீது, கூரை இழந்த புனித பவுல் ஆலயம். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த சவேரியாரின் உடல், கோவா போய்ச் சேரும் முன் 1553-இல் சில மாதம் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது.

இனி பாலத்தைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸுக்கு வாருங்கள். பொற்கொல்லர் தெரு. என் கணக்கில் மலாக்காவின் நடுப்புள்ளி இதுதான். 1781-இல், டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் தெய்வநாயகம் சிட்டி எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இங்கே இருக்கிறது. சில அடி நடந்தால் 1748-ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. குவிமாடம் இல்லாத மூன்றடுக்குக் கூம்புக் கூரை. சீனத்துப் பகோடா போன்ற மினார். உள்ளே ஐரோப்பாவிலிருந்து வந்த பூவேலைத் தரையோடுகள். இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங். மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் சீனக் கோயில்களில் இதுவே பழையது. வெட்டிய பீங்கான் துண்டுகளால் ஆன பூக்களையும் பறவைகளையும் அதன் கூரை விளிம்பில் பார்க்கலாம்.

நல்லிணக்கத் தெரு என்று இதைச் சுற்றுலாத் துறை விளம்பரப்படுத்துகிறது. ஆனால் முதலில் இந்த மூன்று சமயத்தாரையும் பக்கத்துப் பக்கத்தில் குடிவைத்தது வியாபாரம். 1512 முதல் சில ஆண்டுகள் இங்கே இருந்த போர்த்துக்கீசிய மருந்தாளர் தோமே பிரெஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். விலை பேசக் கற்றவர்கள் பிறகு பண்டிகைக்குப் பலகாரமும் கொடுத்தனுப்பக் கற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வாங்குவதற்கு எல்லோரும் போகும் இடம் ஜோன்கர் தெரு. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் தெருவை அடைத்து இரவுச் சந்தை போடுகிறார்கள். கூட்டமும் வெளிச்சமும் பார்க்க ஒரு முறை போகலாம். பொருள்களோ, ஆசியாவின் எந்தச் சுற்றுலாத் தலத்திலும் கிடைக்கும் சாவிக்கொத்தும் பனியனும்தான். நல்ல பொருள் வேண்டுமென்றால் வார நாளில், பகலில் வாருங்கள். பாபா, நோன்யா என்று அழைக்கப்படும் சீன வம்சாவளிக் குடும்பங்களின் பாசிமணிச் செருப்பு இங்கே இன்னும் கையால் தைக்கப்படுகிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்கிறார்கள். மணி சிறுத்தால் விலை ஏறும். அந்த விலையைப் பேரம் பேசிக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மலேசியா 1997-இல் நீக்கியது. 2000 தொடக்கத்தில் அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் இடம்பெற்றது. வாடகை ஏறியது. தலைமுறையாக இருந்த கைவினைஞர்கள் பலர் வெளியேறினார்கள். அவர்கள் கடைகள் காப்பிக் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறின. மிச்சமிருப்பவர்களிடம் கொடுக்கும் பணம்தான் இந்தத் தெருவைத் தெருவாக வைத்திருக்கிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை குலா மலாக்காவிலிருந்து தொடங்குவது முறை. தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி இறுகவிட்ட வெல்லம். நம் கருப்பட்டிபோலப் புகைவாசம் உண்டு. கரும்புச் சர்க்கரை கலந்ததும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், ரம்பை இலைச் சாறு சேர்த்த பச்சை மாவுத் துண்டுகள், இவற்றின் மேல் இந்த வெல்லப்பாகை ஊற்றினால் செண்டோல். மதிய வெயிலுக்கு வேறெதுவும் வேண்டாம். மாலையில் புத்து பிரிங் சாப்பிடுங்கள். அரிசி மாவுக்குள் இதே வெல்லத்தை வைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு தருவார்கள். ஹைனான் சீனர்களின் கோழிச் சோற்று உருண்டைக்கு வரிசை நீளம். எனக்கு அதைவிட அசாம் பெடாஸ் மீன்குழம்பு பிடிக்கும். புளியும் மிளகாயும் நமக்குப் பழகியவை. கடைசியில் எழும் இஞ்சிப்பூ மணம்தான் புதிது. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறிப் பதார்த்தம் என்று வருவதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். உஜோங் பாசிர் கடற்கரையில் போர்த்துக்கீசிய வம்சாவளியினர் குடியிருப்பு. கடுகும் வினிகரும் தூக்கலாக இருக்கும் டெபால் கறி அவர்களுடையது.

தமிழர்கள் தவறவிடக் கூடாத இடம் காஜா பெராங் சாலையில் உள்ள சிட்டிக் கிராமம். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்து உருவான சமூகம் மலாக்கா சிட்டி மக்கள். பெயரில் பிள்ளை, படையாச்சி இருக்கும். பேச்சு மலாய். பெண்களின் மரபுடை மலாய்ப் பாணிக் கெபாயா. வழிபாடு சைவம். பொங்கலுக்கு முந்தின நாளை போகி பர்ச்சு என்று கொண்டாடுகிறார்கள். முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கிறார்கள். அந்த இலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் சம்பால் என்ற மிளகாய் விழுதும் உண்டு. மொழி கைவிட்டுப் போன பிறகும் இலையையும் முன்னோரையும் இவர்கள் விடவில்லை. ஒருவரைப் பார்த்ததும் ‘தமிழ் தெரியாதா?’ என்று கேட்டுவிடாதீர்கள். பல நூற்றாண்டுகளாக அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதைப் பற்றிக் கேளுங்கள், பேசுவார்கள்.

போகி பர்ச்சு வீட்டுக்குள் நடக்கும் படையல். அழைப்பில்லாமல் எட்டிப் பார்க்க வேண்டாம். அவர்களுடைய சிறிய அருங்காட்சியகத்துக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் யாரும் போகலாம். பழைய ஊரிலிருந்து வாடகைக் காரில் சில நிமிடம்தான்.